இரண்டுக்கு மேல் தெரியாதவள்

மாமியார் ஜானகியம்மாளின் இடுப்பெலும்பு முறிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் கலைமகளின் கண்களை நம்பவில்லை.

அவிநாசிக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நடந்தது அது. ஸ்கூட்டரை ஓட்டியவள் கலைமகள். பின்னால் ஜானகியம்மாள், மடியில் அர்ச்சனைக் கூடை. முன்னால் ஒரு டவுன் பஸ் நின்றிருந்தது. அது நிற்குமா கிளம்புமா என்று கலைமகள் பஸ்ஸையே பார்த்துக்கொண்டு போனாள். இடதுபுறச் சந்திலிருந்து ஒரு பால் வண்டி குறுக்கே வந்தது. நல்ல பகல் வெளிச்சம். மஞ்சள் பெட்டி வைத்த பெரிய வண்டி. மோதும் வரை அவள் அதைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் கணவன் வேல்குமார் கேட்டான். சாயப்பட்டறையில் துணி உலர்த்தும் மிஷின் ஓட்டுகிறவன் அவன். வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தான்.

"முன்னாடி வந்த வண்டி கூடவா தெரியல?"

"தெரியலீங்க."

"கண்ணைத் தொறந்துட்டுத்தான ஓட்டுன?"

"தொறந்துட்டுத்தானுங்க இருந்தேன். பஸ்ஸப் பாத்துட்டு இருந்தேன்."

"பஸ்ஸப் பாத்தா வண்டி தெரியாதா?"

கையில் சிராய்ப்போடு சுவரில் சாய்ந்து நின்றாள்.

அடுத்த வாரம் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை தடங்கலில்லாமல் வாசித்தாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை, கண்ணாடி கூடத் தேவையில்லை என்றார் டாக்டர். அதுவே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. கண் நன்றாக இருந்தும் பார்க்கவில்லை என்றால் அதற்கு அலட்சியம் என்பதைத் தவிர வேறென்ன பெயர் இருக்கிறது? ஜானகியம்மாள் அன்றிலிருந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதன் நான்கு கால்களும் சிமென்ட் தரையில் தட்டும் சத்தம் வீட்டின் எந்த மூலையில் நின்றாலும் கேட்டது. யாரும் வாய் திறந்து திட்டத் தேவையிருக்கவில்லை.

உண்மையில் கலைமகளும் தன்னை அலட்சியக்காரி என்றுதான் நம்பிக்கொண்டிருந்தாள். சென்னிமலையில் தறிக்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்த காலத்திலிருந்தே அப்படித்தான். தோசைக் கல்லைப் பார்த்தால் பக்கத்து அடுப்பில் பால் பொங்கி வழியும். பாலைப் பார்த்தால் தோசை கருகும். மற்ற பெண்கள் இரண்டையும் பார்த்துக்கொண்டு மூன்றாவதாகத் தெருவையும் பார்ப்பது எப்படி என்று அவளுக்கு விளங்கியதேயில்லை. "எங்கியோ பராக்குப் பாத்துட்டு நிப்பா" என்று அவளுடைய அம்மா சொல்வாள். அவள் எங்கேயும் பராக்குப் பார்க்கவில்லை. தோசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒத்துப்போன ஒரே இடம் பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிள். அனுப்பர்பாளையம் பக்கத்து எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் நீண்ட நாளாக அந்த வேலை பார்த்தாள். டேபிளில் பீஸை விரிப்பாள். முதலில் கழுத்து, பிறகு தோள், பிறகு கை, பக்கத் தையல், கீழ் மடிப்பு. ஓட்டையோ கறையோ விட்டுப்போன தையலோ கண்டால் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாக வைப்பாள். ஒன்றைப் பார்க்கும்போது இன்னொன்று அவளை அவசரப்படுத்தாது. பீஸ் அவளுக்காகக் காத்திருக்கும். அவள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் மெதுவாகவே வேலை செய்தாள், ஆனால் அவள் கை தாண்டிப் போன பீஸ் திரும்பி வந்ததில்லை.

அவள் டேபிளுக்குப் பக்கத்து டேபிள் இந்துமதியுடையது. ஊத்துக்குளிப் பக்கத்துக்காரி, வயதில் இளையவள், கலகலப்பானவள். பீஸை உதறும்போதே குறை அவள் கண்ணில் பட்டுவிடும். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, வாசலில் யார் வருகிறார்கள் என்றும் சொல்லிக்கொண்டே வேலை முடிப்பாள். மத்தியானம் இருவரும் ஒரே டிபன் பாக்ஸ் மூடியில் பகிர்ந்து சாப்பிடுவார்கள். இந்துமதி கொண்டுவரும் நெய்ச்சோறு கலைமகளுக்குப் பிடிக்கும் என்று அதற்காகவே கூடுதலாகக் கட்டிவருவாள். விபத்துக்குப் பிறகு அவளிடம் மட்டும்தான் கலைமகள் வீட்டைப் பற்றிப் பேசினாள்.

பிறகு கம்பெனியில் புது லைன் போட்டார்கள். தலைக்கு மேலே ஒரு தண்டவாளம். அதில் தொங்கும் ஹேங்கர்களில் பீஸ்கள் வரிசையாக ஓடி வரும். செக்கிங் பெண்கள் நின்றபடியே பார்க்க வேண்டும். முன்பக்கம், பின்பக்கம் காட்டிவிட்டு ஹேங்கர் தானாக நகர்ந்துவிடும். டேபிள்களை ஒரே நாளில் தூக்கி மொட்டை மாடியில் போட்டார்கள்.

கலைமகள் முதல் நாளே தடுமாறினாள். ஒரு பீஸில் கறையைக் கண்டு ஸ்டிக்கர் ஒட்டினால், அதற்கடுத்து வருகிற பீஸ் அவள் கண் முன்னாலேயே கடந்துபோகும். அதில் உள்ளங்கை அகல ஓட்டை இருந்தாலும் தெரியாது. அவள் பார்க்காமல் திரும்பிக்கொண்டிருக்கவில்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். அடுத்த வரிசையில் நின்ற இந்துமதி எட்டி இழுத்து, "அக்கா, இது போச்சு பாருங்க" என்பாள். இந்துமதி காப்பாற்றியது கொஞ்சம். மீதி சூப்பர்வைசர் கன்னையன் கையில் மாட்டியது.

"ஏனுங்க்கா, தூக்கம் வருதா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்துவான். "ரெண்டு பீஸ்ல ஒன்னுதான் பாப்பேன்னு வேண்டுதலா?"

"பாத்துட்டுத்தானுங்க இருக்கேன்."

"பாத்தா எப்படிப் போவும்?"

மறுபடியும் அதே கேள்வி. வேல்குமார் ஆஸ்பத்திரியில் கேட்டது.

பதில் வேறு ஒரு இடத்திலிருந்து வந்தது. புது லைனில் யாரை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ய, குவாலிட்டி மேனேஜர் தரணீதரன் கோயமுத்தூரிலிருந்து ஒரு ஆளை வரவழைத்தார். நித்தீஷ் என்று பெயர். மெலிந்த பையன் மாதிரி இருந்தான், மரியாதையாகப் பேசினான். கையில் ஒரு டேப்லெட். செக்கிங் பெண்கள் ஒவ்வொருவராக அவன் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"இதுல பாஸ், பெயில் எல்லாம் இல்லீங்க. வெளையாட்டு மாதிரி செய்ங்க" என்றான்.

திரையில் வெள்ளை வட்டங்கள். அவற்றில் நான்கு பச்சையாக மினுக்கிவிட்டு மறுபடியும் வெள்ளையாகிவிடும். பிறகு எல்லாம் தண்ணீரில் மீன்குஞ்சு கலைகிற மாதிரி கலைந்து ஓடும். நின்றதும் முன்பு பச்சையாக இருந்த நான்கையும் தொட்டுக் காட்ட வேண்டும். இந்துமதி சிரித்துக்கொண்டே நான்கையும் தொட்டாள். ஐந்து வைத்தபோதும் தொட்டாள். கலைமகளால் இரண்டைத்தான் விடாமல் தொடர முடிந்தது. மூன்றாவதைப் பிடிக்கப் போனால் கையிலிருந்த இரண்டும் தொலைந்தன.

இன்னொரு பரீட்சையில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக மின்னி மறைந்தன. நடுவில் இரண்டு எண்கள் வரும், அவற்றைச் சொல்ல வேண்டும்.

"மூணு" என்றாள் கலைமகள். "ரெண்டாவது நம்பர் வரவே இல்லீங்களே."

"வந்துச்சுங்க. மெதுவா ஓட்டிக் காட்டட்டுங்களா?"

ஓட்டிக் காட்டினான். மூன்று வந்தது. அதற்குச் சற்றுப் பின்னால், திரையின் நட்டநடுவில், பெரிதாக ஏழு. அவள் அதைப் பார்த்தபடி இருந்தாள்.

"எங்கண்ணு முன்னாடியே இருந்திருக்கு" என்றாள்.

"ஆமாங்க. ஒன்னைப் புடிச்சதும் மனசு கொஞ்ச நேரம் அதுலயே நின்னுரும். அந்த நேரத்துல கண்ணுக்கு முன்னால வர்றது உள்ள போகாது. எல்லாருக்குமே அப்படித்தானுங்க. ஒருத்தருக்கு கம்மியா நிக்கும், ஒருத்தருக்கு ஜாஸ்தியா நிக்கும். உங்களுக்கு ஜாஸ்தி. உயரம் குட்டை மாதிரித்தான். உங்க தப்பு இல்லீங்க."

அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "ரோட்டுல வண்டி ஓட்டுறப்பவும் இப்படி ஆகுமுங்களா?"

"ஆகலாமுங்க. இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல என்னால முடியாது. ஆனா ஆகலாம்."

கலைமகள் அழ ஆரம்பித்தாள். நித்தீஷ் பயந்துபோய் டேப்லெட்டைக் கீழே வைத்தான். "ஏனுங்க, என்னாச்சுங்க?"

"ஒன்னுமில்லீங்க சார். இத்தன வருசத்துல யாரும் இதச் சொல்லல."

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போன வேகத்தை இந்துமதி பின்னால் சொல்லிச் சிரித்தாள். கலைமகள் வழியிலேயே சொற்களை அடுக்கிப் பார்த்துக்கொண்டாள். வேல்குமார் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும், மாமியாரும் பத்தாவது படிக்கும் மகள் சுபஸ்ரீயும் கேட்கும்படி, எல்லாவற்றையும் சொன்னாள். பச்சை வட்டங்கள், மூன்று, ஏழு, பால் வண்டி. சின்ன வயதில் பொங்கி வழிந்த பால் உட்பட.

வேல்குமார் முழுதாகக் கேட்டான். பிறகு கேட்டான், "அப்ப சின்னதுல இருந்தே ஒனக்கு இப்படித்தான்?"

"ஆமாங்க. அதத்தான் சொல்றேன். என்ற அலட்சியம் இல்லீங்க."

"தெரிஞ்சேதான் எங்கம்மாவப் பின்னாடி உக்கார வெச்சுட்டு ரோட்டுல போயிருக்கே."

"தெரியாதுங்க. இன்னைக்குத்தான்..."

"பால் பொங்குனது தெரியும். தோச கருகுனது தெரியும். வண்டி ஓட்டக் கூடாதுன்னு மட்டும் தெரியாது?"

ஜானகியம்மாள் வாக்கரைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "கட்டிக் குடுக்கைல உங்க ஊட்டுல இதப் பத்தி ஒரு வார்த்த சொல்லலியே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு சாமானை வாங்கி ஏமாந்துபோனவள் குரலில் சொன்னாள்.

சுபஸ்ரீ புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "எனக்கும் அப்படி இருக்குமாம்மா?"

"வாய மூடு கண்ணு" என்று ஜானகியம்மாள் அதட்டினாள். "இதெல்லாம் வெளிய பேசற பேச்சா? நாளைக்கு உன்னப் பாக்க வர்றவங்க காதுல விழுந்தா என்ன ஆவும்?"

கலைமகள் எழுந்து சோறு போடப் போனாள். மறுநாள் காலையில், இத்தனை நாளும் அவள் வேலைக்கு ஓட்டிப்போன ஸ்கூட்டரின் சாவி ஆணியில் இல்லை. யாரும் எடுத்ததாகச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பஸ்ஸில் போனாள்.

கம்பெனியிலும் அவளுக்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. தரணீதரன் அறையில் கலைமகளைப் பற்றி நித்தீஷ் சொன்னதைத் தேநீர் கொண்டுபோன ரங்காத்தாள் கேட்டாள். கம்பெனியைக் கூட்டிப் பெருக்குவதும் தேநீர் கொடுப்பதும் அவள் வேலை.

"டேபிள் போட்டுக் குடுத்தீங்கன்னா அவங்க யாருக்கும் கொறஞ்சவங்க இல்லீங்க சார். இந்த ஒரு டெஸ்ட்ட வெச்சு ஆளத் தள்ளீராதீங்க" என்றானாம் நித்தீஷ்.

"டேபிளே இனிமே இல்லீங்களே தம்பி" என்றாராம் தரணீதரன். நித்தீஷின் வேலை முடிந்திருந்தது. டேப்லெட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

கலைமகளைப் பிசிர் வெட்டும் இடத்துக்கு மாற்றினார்கள். தைத்த பீஸில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நறுக்குகிற வேலை. புதிதாகச் சேருகிறவர்களுக்குத் தருவது. கன்னையன் அவளுக்கு 'ரெண்டு' என்று பெயர் வைத்தான். "ரெண்டக் கூப்புடு", "ரெண்டு எங்க போச்சு?" முதலில் சிரித்தவர்கள் பிறகு சிரிக்காமலே அந்தப் பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள். பீகாரிலிருந்து வந்த பையன்கள் அதுதான் அவளுடைய உண்மையான பெயர் என்று நினைத்துக்கொண்டு, "ரெண்டு அக்கா" என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள்.

இந்துமதிக்கு நேர்ந்தது வேறு. அவளுடைய போட்டோ அறிவிப்புப் பலகையில் ஏறியது. அடியில் 'பெஸ்ட் செக்கர்' என்று எழுதியிருந்தது. அதோடு இரண்டு லைன்களையும் அவளிடமே கொடுத்துவிட்டார்கள். நடுவில் நின்று இடது பக்கம் ஒரு வரிசை, வலது பக்கம் ஒரு வரிசை. ஐந்து தெரிகிறவளிடம் பத்தைக் கொடுத்தார்கள். அவளுக்கும் ஒரு எல்லை இருக்கும் என்று நித்தீஷ் சொல்லாமலா இருந்திருப்பான்? அதைக் கேட்பதற்கு யாருக்கும் தேவை இருக்கவில்லை.

கொஞ்ச நாளில் இந்துமதி சாப்பிடும்போது பேசுவதை நிறுத்தினாள். நெய்ச்சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருப்பாள்.

"கண்ண மூடுனாலும் பீஸ் ஓடுதுக்கா" என்றாள் ஒரு நாள். "பாக்கறனா பாக்கலியான்னே தெரிய மாட்டேங்குது."

"முடியலன்னு சொல்லீரு இந்து."

"சொன்னா என்னயும் உங்க கூட உக்கார வெச்சுருவாங்க."

சொன்ன பிறகுதான் அது எப்படிப்பட்ட வார்த்தை என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டாள். கலைமகள் கேட்காத மாதிரி தண்ணீர் குடித்தாள்.

அதற்கடுத்த வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின், இந்துமதி பிசிர் வெட்டும் இடத்துக்கு வந்தாள். கண்கள் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. தலை வெடிக்கிறது, கன்னையன் வெளியே போயிருக்கிறான், டீ பெல் அடிக்கும் வரை லைனில் நில்லுங்கள் என்றாள்.

"என்னாலதான் முடியாதுன்னு ஊருக்கே தெரியுமே இந்து."

"வெள்ளைதான்க்கா ஓடுது. செவப்பு காலைலயே முடிஞ்சுது. நீங்க ஒரு பக்கம் மட்டும் பாருங்க, இன்னொரு பக்கத்த நிறுத்தி வெச்சுட்டேன். எனக்காக நில்லுங்க்கா."

கலைமகள் நின்றாள். ஹேங்கரைக் கையால் பிடித்து நிறுத்தி நிறுத்திப் பார்த்து அனுப்பினாள். இந்துமதி அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் முந்தானையை முகத்தில் போட்டுப் படுத்திருந்தாள். பெல் அடித்ததும் எழுந்து வந்து கலைமகளின் கையை அழுத்திவிட்டு லைனில் நின்றுகொண்டாள்.

ஷிப்மென்ட் போய்ச் சேர்ந்து பல நாள் கழித்து துணி வாங்கிய வெளிநாட்டு பையரிடமிருந்து புகார் வந்தது. சிவப்பு டி-ஷர்ட்டுகளில் தோள் தையலை ஒட்டி ஓட்டை, ஒன்றிரண்டு அல்ல, ஏராளம். தரணீதரன் தன் கண்ணாடி அறைக்கு இந்துமதியையும் கன்னையனையும் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் கலைமகளுக்கும் ஆள் வந்தது.

"அந்தச் செவப்பு லாட் ஓடுன அன்னைக்கு லைன்ல நீங்க நின்னீங்களா?" என்றார் தரணீதரன்.

"கொஞ்ச நேரம் நின்னனுங்க சார். மத்தியானம். ஆனா அப்ப ஓடுனது வெள்ளைங்க. செவப்பு காலைலயே முடிஞ்சிருச்சு." கலைமகள் திரும்பினாள். "சொல்லு இந்து."

இந்துமதி மேசை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் யார் வந்தாலும் திரும்பாமலே சொல்லுகிற இந்துமதி.

"எனக்குச் சரியா ஞாபகமில்லீங்க சார்" என்றாள்.

கன்னையனுக்கு உண்மை தெரிந்திருக்கலாம். எந்த நிறம் எப்போது ஓடியது என்று அவனுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? அவன் சுவரைப் பார்த்தான்.

தரணீதரன் நாற்காலியில் சாய்ந்தார். கெட்டவர் போலப் பேசவில்லை, களைத்துப்போனவர் போலத்தான் பேசினார். "இதப் பாருங்கம்மா. பையருக்கு நான் ஒரு பதில் சொல்லணும். டெஸ்ட்ல ரெண்டுதான் தெரியும்னு வந்த ஆளு தெரியாம செக்கிங்ல நின்னுட்டாங்க, வேலைய விட்டு எடுத்துட்டோம்னு சொன்னா அவங்க ஏத்துக்குவாங்க. எங்க பெஸ்ட் செக்கரே விட்டுட்டாங்கன்னு எப்படிச் சொல்றது?"

கலைமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நித்தீஷ் சொன்ன வார்த்தைகள்தான் நினைவுக்கு வந்தன. உயரம் குட்டை மாதிரி, உங்கள் தப்பு இல்லை. அதைச் சொன்னால் அவர்கள் பக்கத்துக்குத்தான் சாட்சி சொன்னதாக ஆகும் என்று அவளுக்குப் புரிந்தது. பேசாமல் வெளியே வந்தாள்.

கேட்டுக்குப் பக்கத்தில் இந்துமதி பின்னாலேயே ஓடிவந்தாள். "அக்கா, நான் வேணும்னு... ஊட்டுல அவருக்கு வேல இல்லீங்க்கா, உங்களுக்கே தெரியும்..."

"நெய்ச்சோத்துப் பாத்தரம் ஒன்னு எங்கூட்டுல இருக்குது. சுபஸ்ரீகிட்ட குடுத்தனுப்பறேன்" என்றாள் கலைமகள். அதற்குப் பிறகு அவளிடம் பேசவில்லை.

வேறு கம்பெனிகளில் செக்கிங் வேலை கேட்டுப் போனபோது, உட்காரச் சொன்னவர்கள் உள்ளே போய் போன் பேசிவிட்டு வந்து ஆள் வேண்டியதில்லை என்றார்கள். வேல்குமாருக்கு அதில் வருத்தம் இருந்த மாதிரித் தெரியவில்லை. தான் முதலிலேயே சொன்னது நடந்துவிட்டது என்கிற மாதிரி இருந்தான். ஸ்கூட்டரைத் தன் அக்கா மகனுக்குக் கொடுத்துவிட்டான். வீட்டில் இப்போது யாரும் அவளை அலட்சியக்காரி என்று திட்டுவதில்லை. அதைவிட மோசமான ஒன்று நடந்தது. கையில் ஒன்று இருக்கும்போது இன்னொன்றை நீட்டினால், "இதக் கீழ வெச்சுட்டு அத வாங்கு, ஒனக்கு ரெண்டையும் பாக்க வராது" என்று ஜானகியம்மாள் நிதானமாகச் சொன்னாள். சுபஸ்ரீ ரோட்டைக் கடக்கும்போது அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தெரிந்தவர்கள் யாராவது எதிரே வந்தால் விட்டுவிட்டாள்.

கடைசியில் காதர்பேட்டையில் வேலை கிடைத்தது. எக்ஸ்போர்ட் கம்பெனிகள் கழித்துத் தள்ளும் பீஸ்களை மூட்டையாக வாங்கி விற்கிற கந்தப்பனின் கடை. மாடியில் தரையில் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். ஓட்டை ஒரு பக்கம், கறை ஒரு பக்கம், ஒன்றுமில்லாதது ஒரு பக்கம். பீஸ் எதுவும் ஓடவில்லை. கலைமகள் பழைய மாதிரி கழுத்திலிருந்து தொடங்கிக் கீழ் மடிப்பு வரை பார்த்தாள். எல்லாமே குறையுள்ள துணி என்பதால் அங்கே யாரும் அவள் வேலையைப் பாராட்டவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை.

ஆடித் தள்ளுபடி நேரத்தில் ஒரு நாள் நைட்டி வாங்க வந்த ரங்காத்தாள், அவள் மாடியில் இருப்பதைக் கேள்விப்பட்டு மூச்சு வாங்க ஏறிவந்தாள். கம்பெனிக் கதைகளைச் சொன்னாள். இந்துமதி வேலையை விட்டு நின்றுவிட்டாள், தலைவலி தாங்க முடியவில்லை, வெளிச்சத்தைப் பார்த்தாலே வாந்தி. போட்டோ இன்னும் பலகையில்தான் இருக்கிறது, எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

"போன வாரம் பழைய பஸ் ஸ்டாண்டுல உன்னப் பாத்தாளாம் அம்மிணி" என்றாள் ரங்காத்தாள். "கையக் காட்டுனாளாம். நீ நேரா அவ மூஞ்சியப் பாத்துட்டே போயிட்டியாம். எங்கிட்டச் சொல்லி அழுதா."

கலைமகள் யோசித்தாள். போன வாரம் பழைய பஸ் ஸ்டாண்ட். எந்த பஸ் என்று முகப்புப் பலகையைப் படித்தபடி கூட்டத்துக்குள் நடந்தது நினைவிருந்தது. பலகை நினைவிருந்தது. இந்துமதி இல்லை. கை காட்டியதும் இல்லை.

அவளுடைய கண்களைப் பற்றி இந்துமதிக்குத் தெரிந்த அளவுக்கு உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. பக்கத்தில் நின்று நாள் முழுக்கப் பார்த்தவள். அவளே, கலைமகள் பார்த்துவிட்டுப் போனதாக நினைத்து அழுதிருக்கிறாள்.

"பாத்தேனுங்க்கா" என்றாள் கலைமகள்.

"பாத்துட்டுமா ஒரு வார்த்த பேசாம போனே?"

"ஆமாங்க. நல்லாப் பாத்துட்டுத்தான் போனேன். அவகிட்ட அப்படியே சொல்லீருங்க."

ரங்காத்தாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். கலைமகள் மூட்டையிலிருந்து அடுத்த பீஸை எடுத்து மடியில் விரித்தாள். கழுத்தில் ஒன்றுமில்லை. தோளிலும் ஒன்றுமில்லை. அக்குளுக்குக் கீழே ஊசி பட்ட சின்ன ஓட்டை இருந்தது. அதை இடது பக்கம் போட்டாள்.